சிறுவயதில் உங்கள் குடும்பம் எந்த வர்க்கம்? அன்றைய செலவுக்கும் இன்றைய செலவுக்கும் என்ன வித்தியாசம்?

கீழ் நடுத்தர வர்க்கம். மதுரையில் ஒண்டுக்குடித்தனம், அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். அவித்த முட்டையை அம்மா தையல் நூலால் இரண்டாக அறுப்பார். கத்தி என்றால் மஞ்சள் கரு ஒட்டி வீணாகிவிடுமாம். ஆனாலும் ஏழை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் அதே நூல்தான்.

எல்லாமே விலை ஏறிவிட்டது என்பது பாதி உண்மை. அன்று தொலைபேசி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று அது யாரிடம் இல்லை? அரிசி அட்டைக்கு 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. கைக்கு எட்டாமல் போனவை வேறு. 1990இல் ஒரு பவுன் தங்கம் சுமார் 2,500 ரூபாய். 2025 ஜனவரியில் 60,000 ரூபாயைத் தாண்டியது. கிட்டத்தட்ட 24 மடங்கு. மனை விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பெரிய அடி பள்ளிக் கட்டணம்தான். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தேன். அப்பாவுக்கு நோட்டும் சீருடையும்தான் செலவு. மகளின் எல்கேஜிக்கு நான் கட்டிய தொகையை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.