ஆய்வு இருக்கட்டும், முதலில் குளிசையைக் கவனியுங்கள்

பார்க்கின்சன் உள்ள அப்பாவை ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சோதனை எலியாக்கிவிடுவார்களோ என்று வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னைப் பதற வைத்தது கடைசி வரி: பார்க்கின்சனுக்கு அவர் எடுக்கும் லெவோடோபா என்ற மருந்து மூளையைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குளிசையை நிறுத்திவிட்டீர்களாம்.

லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. சிலருக்கு உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, வியர்த்துக் கொட்டி, ஆள் குழம்பிப் போவார், உயிருக்கே ஆபத்து. கொழும்பில் காய்ச்சல் என்றாலே டெங்கு என்றுதான் முதலில் நினைப்போம். பரசிட்டமோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்படி ஏதாவது தெரிந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழைத்து, குளிசை நிறுத்தியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்த அறிகுறி ஒன்றும் இல்லையா, சரி, அப்படியென்றாலும் இன்றைக்கே கிளினிக் டொக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். எத்தனை குளிசை என்று நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். குமட்டினால் பாமசியில் மெட்டோக்ளோப்ரமைட் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், அது பார்க்கின்சனை மோசமாக்கும்.

மூளையைக் கெடுக்கும் என்ற கதைக்கு வருவோம். நெதர்லாந்தில் 445 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்திலேயே லெவோடோபாவும், மற்றவர்களுக்கு முதல் 40 வாரம் மருந்தில்லாத வெறும் குளிசையும் பிறகு லெவோடோபாவும் கொடுத்து, மொத்தம் 80 வாரம் கவனித்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது: முந்தித் தொடங்கியவர்களுக்கு நோய் வேகமாக முற்றவில்லை. அந்த நோயாளிகள் ஆய்வுக்குச் சம்மதித்ததால்தான் இன்று உங்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட ஆய்வில் அப்பாவுக்கும் வெறும் குளிசை கிடைக்கலாம்தான். இப்போதைய மருந்து தொடருமா, பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா, பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது, நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, இவ்வளவையும் கேளுங்கள். விளக்கத் தாளைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் புத்தி தெளிவாக இருக்கும்போது அது அவர் எடுக்க வேண்டிய முடிவு, வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது.

அப்பாவின் கையெழுத்துச் சிறுத்தது, மணம் தெரியாதது, மலச்சிக்கல் எல்லாம் நோயோடு வருபவை, அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். அப்புறம், நீங்கள் கேட்டிருந்த ஸ்டெம் செல் ஊசி: லட்சக்கணக்கில் பணம் கட்டினால்தான் ஆய்வில் சேர்ப்போம் என்கிறவர்களிடம் அப்பாவைக் கொண்டுபோகவே வேண்டாம்.