விழித்திருக்க மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஐந்து மாதமாக இரவு ஷிஃப்ட். இரண்டு மணிக்கு மேல் கண் சொக்கிவிடுகிறது. உடன் வேலை செய்பவர் மோடாஃபினில் 200 மில்லிகிராம் அட்டை ஒன்று கொடுத்தார். பாதி மாத்திரை போட்டால் நன்றாகவே இருக்கிறது. கருத்தடை மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. தொடரலாமா?

பதில்: போகிற போக்கில் கருத்தடை மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மோடாஃபினில் கல்லீரலில் உள்ள சில நொதிகளை முடுக்கிவிடும், அவை கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடும், அதனால் நீங்கள் ஒருநாள்கூட விடாமல் போட்டாலும் அதை முழுசாக நம்ப முடியாது. மோடாஃபினிலை நிறுத்திய பிறகும் ஒரு மாதத்துக்கு ஆணுறை போல வேறு ஏற்பாடு வேண்டும். கருவில் பிறவிக் குறைபாடு வரலாம் என்ற எச்சரிக்கையும் இந்த மருந்துக்கு உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் இன்றே பரிசோதனை செய்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. மருந்து வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழும் நார்கோலெப்ஸி நோயாளிகளுக்கு இது பெரிய உதவி. அமெரிக்காவில் 1998இல் அவர்களுக்காக அனுமதித்தார்கள், 2004இல் ஷிஃப்ட் வேலைத் தூக்கக் கோளாறையும் சேர்த்தார்கள். ஐரோப்பிய மருந்து முகமையோ 2010இல் மறுபடி அலசிப் பார்த்து, நார்கோலெப்ஸிக்கு மட்டும் போதும், மற்றதற்கு ஆபத்தை மிஞ்சும் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

காரணம் இருக்கிறது. இரவுப் பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வில், நடு இரவில் படுக்க வைத்தால் சுமார் இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனவர்கள், முழு 200 மில்லிகிராம் போட்ட பிறகு நாலு நிமிடத்துக்குள் தூங்கினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் போட்டவருக்குத் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும், அந்தத் தைரியத்தில் விடியற்காலையில் வண்டியை எடுப்பார் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்று, ரத்தத்தில் இதன் அளவு பாதியாகவே சுமார் 15 மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்குப் போட்டால் மாலை ஐந்துக்கும் பாதி மிச்சம். பகல் தூக்கம் அதனால் கெட்டால் அடுத்த இரவு இன்னும் சொக்கும், அப்புறம் பாதி மாத்திரை முழு மாத்திரையாகும். தலைவலி, குமட்டல், படபடப்பு அடிக்கடி வருபவை. ரத்த அழுத்தமும் ஏறலாம். அபூர்வம்தான், ஆனாலும் தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், உயிருக்கே ஆபத்தான தோல் நோயின் தொடக்கமாக இருக்கலாம். மனநலச் சிகிச்சை எடுத்தவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடவே கூடாது.

எனவே இப்போதைக்கு நிறுத்துங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குட்டித் தூக்கம், இடைவேளையில் இருபது நிமிடம், காபி ஷிஃப்டின் முதல் பாதியில் மட்டும், பகலில் நன்றாக இருட்டிய அறை. இரண்டு வாரம் எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள், இருந்தால் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டும் ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகும் சொக்கினால் தூக்க மருத்துவரிடம் போங்கள். அவரே மோடாஃபினில் எழுதக்கூடும், ஆனால் ரத்த அழுத்தம் பார்த்து, ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்லி எழுதுவார். போகும்போது அந்த அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.