இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் விறகில்லாமல் எப்படி டீ போட்டார்கள்?

காலி பெட்ரோல் டின்தான் அடுப்பு. 4 காலன் (சுமார் 18 லிட்டர்) பிடிக்கும் அந்த டின் மெல்லிய தகரம்; லாரி குலுக்கலில் ஓரம் விட்டு ஒழுகும். பெட்ரோல் கொண்டுபோக லாயக்கில்லை, வெட்ட மட்டும் சுலபம்! இந்த அடுப்பைச் சிப்பாய்கள் லிபியாவின் பெங்காசி நகரத்தின் பெயரால் 'பெங்காசி பர்னர்' என்றார்கள்.

டின்னைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியின் மேல்பக்கச் சுவரில் காற்றுக்கு ஓட்டைகள் போடுவார்கள். அதில் பாதியளவு மணல் கொட்டி, பெட்ரோல் ஊற்றிக் குழப்பி, தள்ளி நின்று தீக்குச்சியை எறிவார்கள். இன்னொரு பாதிக்குக் கம்பியில் பிடி கட்டினால் தண்ணீர்ப் பாத்திரம்.

மணல் இங்கே திரியின் வேலையைச் செய்கிறது. அது இல்லாவிட்டால் பெட்ரோல் மொத்தமும் ஒரே மூச்சில் எரிந்துவிடும். தீ தணிந்தால் மணலைக் குச்சியால் கிளறினால் போதும், அடியில் ஊறியிருப்பது மேலே வரும்.

ஆபத்து இரண்டாவது தடவை ஊற்றும்போதுதான். உச்சிவெயிலில் சின்னத் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று சூடான மணலில் பெட்ரோல் ஊற்றினால் ஆவி குப்பென்று பற்றி, கையிலிருக்கும் டின் வரை தாவும். முழுக்க ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். இரவில் வெளிச்சம் எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் இருட்டுமுன் டீயை முடித்துவிடுவார்கள்.