ஐரோப்பியரை எதிர்த்து நின்ற ஆப்பிரிக்க மன்னர்களில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தவர் யார்?

பலரும் எத்தியோப்பியாவின் மெனலிக்கைத்தான் சொல்வார்கள். நியாயம்தான். 1896 மார்ச் 1ஆம் தேதி அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்தவர், கடைசிவரை நாட்டையும் காப்பாற்றிக்கொண்டவர். நான் சொல்ல வருவது தோற்றுப்போன ஒருவரை. பெயர் சமோரி தூரே. (கோழிக்கோட்டு சாமூதிரிக்கும் இவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

இவரை எனக்குத் தெரியவந்ததே முந்திரிக் கொட்டையால். பண்ருட்டிப் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், உள்ளூர்க் கொட்டை பத்தாது, ஐவரி கோஸ்ட்டிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாக வரும். கொள்முதல் வேலையாக அந்நாட்டின் வடக்கே கொரோகோவுக்கு ஒருமுறை போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தன் சொந்த ஊரான கோங்குக்கு அழைத்துப் போனார். மண்ணால் கட்டி, சுவரெங்கும் மரக்கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் அழகான மசூதி ஒன்று அங்கே உண்டு. 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மசூதிகளில் அதுவும் ஒன்று. எத்தனை வருடப் பழசு என்று கேட்டேன். "பழசெல்லாம் சமோரி எரித்துவிட்டார், இது அதற்கப்புறம் கட்டியது" என்றார். யார், வெள்ளைக்காரத் தளபதியா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இல்லை, வெள்ளைக்காரனை எதிர்த்தவர்" என்றார்.

ஊருக்குத் திரும்பியும் அந்தப் பதில் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

சமோரி அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. இன்றைய கினியாவில் 1830 வாக்கில் பிறந்த ஒரு வியாபாரி. 1853இல் அவர் தாயை சிஸ்ஸே என்ற குலத்தார் சிறைபிடித்துப் போனார்கள். அம்மாவை மீட்பதற்காக அவர்களிடமே படைவீரனாகச் சேர்ந்தார். ஏழு வருடம், ஏழு மாதம், ஏழு நாள் உழைத்தார் என்று அந்தப் பக்கத்தில் கதையாகச் சொல்வார்கள். துப்பாக்கி பிடிக்கக் கற்றது அங்கேதான். வெளியே வந்து சொந்தமாகப் படை திரட்டி, பிசாந்துகுவைத் தலைநகராக்கி, வாசுலு என்ற பெரிய அரசையே கட்டிவிட்டார்.

பிரெஞ்சுக்காரர்களோடு முதல் மோதல் 1882இல். பிடிபட்டது 1898இல். இந்தப் பதினாறு வருடம் எப்படிச் சாத்தியமானது என்பதுதான் விஷயம். வியாபாரி மூளை அல்லவா? சியரா லியோனின் ஃப்ரீடவுன் வழியாக நவீனத் துப்பாக்கிகளை வாங்கினார். அதோடு நிற்காமல் நூற்றுக்கணக்கான கொல்லர்களை உட்கார வைத்து அவற்றைப் பிரித்துப் பார்த்து அதே போலச் செய்ய வைத்தார். நடுவில் ஒப்பந்தம் போட்டு நேரம் வாங்கினார். பிரிட்டிஷாரின் பாதுகாப்பைக்கூடக் கேட்டுப் பார்த்தார், அவர்கள் பிடி கொடுக்கவில்லை.

1891இல் பிரெஞ்சுப் படை அவருடைய கங்கான் நகரைப் பிடித்து, அடுத்து பிசாந்துகுவை நோக்கி வந்தது. அதற்குமேல் அவர் செய்தது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அரசையே பெயர்த்துக்கொண்டு கிழக்கே நகர்ந்தார். படையில் ஒரு பகுதி பின்னால் நின்று பிரெஞ்சுக்காரர்களைத் தடுக்கும். இன்னொரு பகுதி மக்களை அழைத்துப் போகும். மூன்றாவது பகுதி முன்னால் போய்ப் புது நிலம் பிடிக்கும். விட்டுவந்த ஊர்களில் ஒரு மணி தானியம்கூட எதிரிக்குக் கிடைக்காதபடி கொளுத்திவிட்டுப் போவார்கள்.

இதைப் படித்தபோது ஆஹா என்றுதான் தோன்றியது. அப்புறம் டிரைவர் ஞாபகம் வந்தது. அந்தப் 'புது நிலம்' காலி நிலமா என்ன? அங்கே கோங் மாதிரி ஊர்கள் இருந்தன. கோங் 1889இலேயே பிரெஞ்சுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்திருந்த ஊர். சமோரிக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. 1897இல் அழித்துவிட்டார். துப்பாக்கிக்கும் குதிரைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? தங்கமும் தந்தமும் போக, பிடித்த மனிதர்களை அடிமைகளாக விற்று வந்தது. தாயை மீட்கப் படையில் சேர்ந்தவர்தான் இதைச் செய்தார்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். 1886இல் மகன் கரமோகோவை பிரான்ஸுக்கு அனுப்பியிருந்தார். பையன் அங்கே படைபலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன். இவர்களை ஜெயிக்க முடியாது, சமாதானமாகப் போகலாம் என்ற பக்கம் நின்றான். 1894இல் அவனை ஓர் அறையில் அடைத்து, வாசலைச் சுவர் வைத்து மூடி, பட்டினி போட்டே கொன்றார் அப்பா. மகன் சொன்ன கணக்கு தப்பு இல்லை என்பதுதான் கொடுமை.

1898 மே மாதம், இன்றைய மாலியில் இருக்கும் சிக்காசோ நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. இனி அவர்கள் முழுப் பலத்தோடு சமோரி பக்கம் திரும்பலாம். சமோரி பசியால் வாடிய கூட்டத்தோடு லைபீரியாவை ஒட்டிய காட்டுப் பக்கம் ஒதுங்கினார். செப்டம்பர் 29 அன்று கெலெமு என்ற இடத்தில் கேப்டன் கூரோ பிடித்தார். (இதே கூரோதான் பிற்பாடு ஜெனரலாகி சிரியாவை ஆண்டவர்.) சமோரியை கபோனுக்கு நாடுகடத்தினார்கள். 1900 ஜூனில் அங்கேயே நிமோனியாவில் இறந்தார்.

1958இல் பிரான்ஸை உதறிவிட்டு வந்த கினியாவின் முதல் அதிபர் செக்கு தூரே, தன்னைச் சமோரியின் கொள்ளுப்பேரன் என்று சொல்லிக்கொண்டவர். பத்து வருடம் கழித்து சமோரியின் எலும்புகளை வரவழைத்து தலைநகர் கொனாக்ரியில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவர் தேசிய வீரர்.

டிரைவரிடம் அன்றைக்கே ஒன்று கேட்டிருந்தேன். சமோரி நல்லவரா, கெட்டவரா என்று. கியரை மாற்றிக்கொண்டே, "கினியாக்காரன் காரில் ஏறினால் நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றார்.