வணிகர் சங்கத்தில் புகார் கொடுத்தால்: வாசகர் கேள்வி பதில்

தொழில் செய்வோரின் சங்கங்கள் தம் உறுப்பினர்கள் மீது வரும் புகார்களை எப்படி விசாரிக்கின்றன, எப்படித் தண்டிக்கின்றன என்பது பற்றி வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘தொழிற்சங்கம்’ என்றால் தமிழில் தொழிலாளர் அமைப்பு என்றே பொருள் கொள்ளப்படுகிறது. இங்கே பேசப்படுவது அதுவன்று. ஒரே தொழிலை நடத்துகிற வணிகர்களும் ஒப்பந்ததாரர்களும் முகவர்களும் தமக்குள் அமைத்துக்கொள்ளும் சங்கம்.

கேள்வி: வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை ஏற்றுக்கொண்ட ஒப்பந்ததாரர், பெரும்பகுதிப் பணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் நிறுத்திவிட்டார். அவர் உறுப்பினராக இருக்கும் சங்கத்துக்குப் புகார் அனுப்பினேன். நான்கு மாதங்களுக்குப் பிறகு, ‘தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. என் பணத்தைச் சங்கம் வாங்கித் தர வேண்டாமா?

பதில்: அப்படி எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால் பெரும்பாலான சங்கங்களுக்கு அந்த அதிகாரமே கிடையாது. உறுப்பினராகச் சேரும்போது ‘சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்’ என்று ஒருவர் விண்ணப்பத்தில் போடும் கையெழுத்திலிருந்துதான் சங்கத்தின் தண்டிக்கும் அதிகாரம் பிறக்கிறது. அது சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான ஒப்பந்தம்; நீங்கள் அதில் ஒரு தரப்பு அல்லர். எனவே சங்கம் அவரை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், விதியில் இடமிருந்தால் அபராதம் விதிக்கலாம், சில காலம் இடைநீக்கம் செய்யலாம், கடைசியில் உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கலாம். அபராதம் விதித்தாலும் அந்தத் தொகை சங்கத்தின் கணக்குக்குத்தான் போகுமே தவிர உங்கள் கைக்கு வராது.

இதற்கு விலக்குகளும் உண்டு. வாடிக்கையாளருடன் தகராறு வந்தால் சமரசத்துக்கோ நடுவர் தீர்ப்புக்கோ உட்பட வேண்டும் என்று சில சங்கங்கள் உறுப்பினர்களுக்கு நிபந்தனை விதிக்கின்றன. உறுப்பினர் நொடித்துப்போனால் வாடிக்கையாளரின் முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கென்று பொது நிதி வைத்திருக்கும் சங்கங்களும் உள்ளன. உங்கள் சங்கம் எந்த வகை என்பதை அதன் துணைவிதிகளைக் கேட்டு வாங்கிப் படித்தால் தெரிந்துகொள்ளலாம்.

அந்த ஒரு வரிப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எந்த விதியின் கீழ் புகார் பரிசீலிக்கப்பட்டது, உறுப்பினர் என்ன விளக்கம் அளித்தார், முடிவை மறுபரிசீலனைக்கு அனுப்ப வழியுண்டா என்று மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். கூடவே, புகாரை எப்படி எழுதியிருந்தீர்கள் என்பதையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். ‘ஏமாற்றிவிட்டார்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தத்தின் நகல், பணம் கொடுத்த தேதிகள், வேலை நின்ற நாள், அதன் பிறகு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, சங்கத்தின் நடத்தை நெறிகளில் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதையும் குறிப்பிட்டால், செயலாளரால் அதை ஒரு வரியில் முடித்துவைப்பது கடினமாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான செய்தி ஒன்று உண்டு. சங்கத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் விதித்திருக்கும் காலக்கெடு பொதுவாக நின்று காத்திருப்பதில்லை. சங்கத்தின் பதிலுக்காகக் காத்திருந்தே அந்த உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பணம்தான் உங்கள் நோக்கம் என்றால், ஒரு வழக்கறிஞரை இப்போதே பாருங்கள்.

கேள்வி: நான் ஒரு சங்கத்தில் பதினைந்து ஆண்டுகளாக உறுப்பினன். என் மீது புகார் வந்திருப்பதாகவும் மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்காவிட்டால் நீக்கப்படுவேன் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. புகாரின் நகலைத் தர மறுக்கிறார்கள். விசாரணைக் குழுவில் இருக்கும் ஐவரில் ஒருவர், நான் விலகிப்போனால் என் வாடிக்கையாளர்களைப் பெறக்கூடிய போட்டியாளர். நான் என்ன செய்வது?

பதில்: முதலில், அறிவிப்பைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடாதீர்கள். நேரில் போய்ச் சண்டை போடவும் வேண்டாம். மூன்று நாட்களுக்குள் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: குற்றச்சாட்டை மறுக்கிறேன், புகாரின் நகலும் ஆதாரங்களும் கிடைத்த பிறகு விரிவான விளக்கம் அளிப்பேன், அதற்கு நியாயமான அவகாசம் வேண்டும், குழுவின் இன்ன உறுப்பினர் இந்தக் காரணத்தால் விசாரணையிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பதிவு செய்வது முக்கியம். விசாரணை முழுவதிலும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிவு பாதகமாக வந்த பிறகு ‘அவர் என் போட்டியாளர்’ என்று சொன்னால், தெரிந்தே ஒப்புக்கொண்டார் என்று சொல்லி அதைத் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் பக்கம் இருக்கும் கொள்கைக்கு இயற்கை நீதி என்று பெயர். அதன் இரண்டு தூண்கள்: மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தன் நலன் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் யாரும் நீதிபதியாக அமரக் கூடாது. இந்த இரண்டாவது தூணுக்குத் தொழில் அமைப்புகளின் வரலாற்றிலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் மருத்துவம் பார்த்துவந்த தாமஸ் பொன்ஹாம், மருத்துவர் கல்லூரியின் (மருத்துவம் பார்க்க அனுமதி வழங்கிய மருத்துவர்களின் தொழில் அமைப்பு) அனுமதி பெறவில்லை என்பதற்காக அக்கல்லூரி அவருக்கு அபராதம் விதித்தது. பிறகு சிறையிலும் அடைத்தது. வசூலாகும் அபராதத்தில் பாதி கல்லூரிக்கே சேரும் என்ற ஏற்பாடும் இருந்தது. 1610இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் பொன்ஹாமின் பக்கம் தீர்ப்பளித்தார். தண்டனையை விதிப்பவரும் நிறைவேற்றுபவரும் அதனால் பயன்பெறும் தரப்பும் ஒருவராகவே இருக்க முடியாது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் போட்டியாளர் உங்கள் விசாரணைக் குழுவில் அமர்ந்திருப்பதைப் பார்த்தால், சங்கங்களுக்கு இந்தப் பாடம் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று தோன்றுகிறது.

முதல் தூணைப் பொறுத்தவரை, ‘விளக்கம் கேட்டோம்’ என்று சங்கம் சொல்வது மட்டும் போதாது. எந்த நாளில், எந்த வாடிக்கையாளரிடம், எந்த விதியை மீறி என்ன செய்தீர்கள் என்று குற்றச்சாட்டு தெளிவாக இருக்க வேண்டும். உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்போகும் ஆவணங்களை நீங்கள் பார்க்க வேண்டும். பதில் தயாரிக்க நேரம் வேண்டும். புகார்தாரரைப் பாதுகாக்க வேண்டியிருந்தால் அவருடைய பெயரை மறைத்துப் புகாரின் சாரத்தைத் தரலாம். சாரத்தையே மறைப்பதற்கு நியாயம் இல்லை. அதே நேரம், சங்கத்தின் விசாரணை நீதிமன்ற விசாரணை போலவே நடக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். வழக்கறிஞரை அழைத்துவரும் உரிமை துணைவிதிகளில் இல்லையென்றால், எல்லா இடங்களிலும் அது தானாகக் கிடைத்துவிடாது.

எல்லாம் கடந்து நீக்கிவிட்டார்கள் என்றால், துணைவிதிகளில் மேல்முறையீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முடித்துவிட்டே நீதிமன்றத்தை அணுகுவது வழக்கம். அங்கே நீதிபதி, ‘நான் குழுவில் இருந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பேன்’ என்று பார்க்க மாட்டார். விதிப்படி நடந்தார்களா, இருதரப்பையும் கேட்டார்களா, உள்நோக்கம் இல்லாமல் நடந்துகொண்டார்களா என்றுதான் பார்ப்பார். இன்னொன்றையும் பார்ப்பார்: விதியின் சொற்களுக்குச் சங்கம் கொடுத்த பொருள் சரிதானா? இங்கிலாந்தில் திருவிழாக்களில் கேளிக்கை அரங்கு அமைப்பவர்களின் சங்கம், பிராட்ஃபோர்டு சந்தையில் ஓர் இடத்துக்காக இருவர் மோதிக்கொண்டபோது, லீ என்ற உறுப்பினர் ‘நியாயமற்ற போட்டி’யில் ஈடுபட்டார் என்று கூறி 100 பவுண்டு அபராதம் விதித்தது, அவர் கட்டாததால் நீக்கவும் முற்பட்டது. 1952இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் செய்தது அந்த விதியின் சொற்களுக்குள் அடங்கவே அடங்காது என்று சொல்லி முடிவை ரத்து செய்தது. ‘விதிக்கு நாங்கள் சொல்வதே பொருள்’ என்று எந்தச் சங்கமும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இன்றும் அந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கேள்வி: சங்கம் நிர்ணயித்த விலைக்குக் குறைவாக விற்றதற்காக எனக்கு அபராதம் விதித்திருக்கிறார்கள். இதுவும் ஒழுங்கு நடவடிக்கைதானா?

பதில்: பெயர் அதுதான், செயல் வேறு. தரக்குறைவான வேலைக்கும் பொய் விளம்பரத்துக்கும் தண்டிக்கும்போது சங்கம் வாடிக்கையாளரைக் காப்பாற்றுகிறது. மலிவாக விற்றதற்குத் தண்டிக்கும்போது வாடிக்கையாளரிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஒரே தொழில் செய்பவர்கள் கேளிக்கைக்காகக் கூடினால்கூட அந்தப் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியிலோ விலையை உயர்த்தும் சூழ்ச்சியிலோ போய் முடிகிறது என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவைத்தார். இன்று போட்டிச் சட்டம் உள்ள நாடுகளில், உறுப்பினர்களின் விலையைச் சங்கம் நிர்ணயிப்பதும் மீறுபவரைத் தண்டிப்பதும் பெரும்பாலும் சட்டவிரோதமே.

விலையைத் தொடாமலேயே எல்லை மீறும் சங்கங்களும் உண்டு. அமெரிக்காவில் ஆடை வடிவமைப்பாளர்களின் சங்கம் ஒன்று, தங்கள் வடிவங்களைக் காப்பியடித்த ஆடைகளை விற்கும் கடைகளுக்குச் சரக்குத் தரக் கூடாது என்று உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தியது. கடைகளை உளவு பார்க்க ஆட்கள், விசாரிக்க மன்றங்கள், கணக்குப் புத்தகங்களைச் சோதிக்கத் தணிக்கை, மீறிய உறுப்பினருக்கு அபராதம் என்று ஒரு சிறு அரசாங்கத்தையே நடத்தியது. காப்பியடிப்பதைத் தடுப்பதுதான் தங்கள் நோக்கம் என்று அது வாதிட்டதை ஏற்காமல், 1941இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உங்கள் அபராத ஆணையைப் பத்திரமாக வைத்திருங்கள். போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் உங்கள் நாட்டில் இருந்தால், அங்கே முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: மொட்டைக் கடிதத்தை வைத்து ஓர் உறுப்பினரைத் தண்டிக்கலாமா?

பதில்: கூடாது. விசாரிக்கத் தொடங்குவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அதில் சொன்னதை நிரூபிக்கும் ஆவணமோ சாட்சியோ வேறிடத்தில் கிடைத்தாக வேண்டும்.

கேள்வி: சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் தொடர்ந்து அதே தொழிலைச் செய்கிறாரே, பிறகு அந்தத் தண்டனைக்கு என்ன பொருள்?

பதில்: விருப்பத்தின் பேரில் சேரும் சங்கத்தின் நீக்கம் தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பதில்லை. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரைப் பதிவு செய்யும் சட்டபூர்வ மன்றங்கள் பெயரை நீக்கினால் தொழிலே நின்றுபோகும். அது வேறு வகை அதிகாரம். ஆனாலும் சங்கத்தின் முத்திரையைப் பலகையிலும் ரசீதிலும் போட்டுக்கொள்ளும் உரிமை போய்விடுகிறது. சில ஒப்பந்தப் புள்ளிகளில் கலந்துகொள்ள உறுப்பினர் சான்று கேட்கப்படுவதால் அந்த வாய்ப்பும் போகிறது. நீக்கப்பட்டவர் முத்திரையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் சங்கம் சட்ட நடவடிக்கை எடுக்க வேண்டும். அதைச் செய்யாத சங்கத்தின் முத்திரையை நம்பி நீங்கள் ஏன் வேலை கொடுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் சங்கத்தில் புகார் விசாரணைக்கென்று தனி விதிகள் இல்லை. தலைவரும் செயலாளரும் பேசி முடித்துவிடுவார்கள். புதிதாக விதிகள் எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: புகாரை விசாரித்து ஆதாரம் திரட்டுபவரும், அதைக் கேட்டு முடிவு சொல்பவர்களும், மேல்முறையீட்டைக் கேட்பவர்களும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்ற விதிகளில் குறை இருந்தாலும் சமாளித்துவிடலாம். இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. சிறிய சங்கத்தில் அத்தனை பேர் கிடைப்பது கடினம் என்பீர்கள். தொழிலுக்கு வெளியே இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலரையோ ஆசிரியரையோ முடிவெடுக்கும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். ‘எங்கள் தொழிலின் நுணுக்கம் அவருக்குப் புரியாது’ என்ற எதிர்ப்பு பொதுக்குழுவில் நிச்சயம் எழும். நுணுக்கத்தை விளக்கத்தான் மற்ற உறுப்பினர்கள் குழுவில் இருக்கிறார்கள். வெளியாள் இருக்கும் அறையில், ‘நம்மவர்தானே, விட்டுவிடலாம்’ என்ற வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். அதுவே அவர் செய்யும் பெரிய உபகாரம்.

அடுத்ததாக, ‘சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தல்’ என்ற ஒற்றைக் குற்றத்தை நம்பி விதிகளை எழுதாதீர்கள். எல்லாவற்றையும் அதற்குள் அடக்கலாம் என்பதாலேயே, பிடிக்காதவரை வெளியேற்றும் கருவியாகவும் அது மாறிவிடும். வாடிக்கையாளரின் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்காதது, எழுத்து மூலம் மதிப்பீடு தராமல் வேலை தொடங்கியது, தகுதி பற்றிப் பொய் சொன்னது என்று குற்றங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தண்டனையையும் படிப்படியாக வையுங்கள். நீக்கம் மட்டுமே தண்டனையாக இருந்தால் குழு தயங்கித் தயங்கி எவரையும் தண்டிக்காமல் விட்டுவிடும்.

தண்டனை பெற்றவரின் பெயரை வெளியிடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு, குற்றமும் தண்டனையும் மட்டும், உறுப்பினர் சேரும்போதே ஒப்புக்கொண்ட விதியின்படி வெளியிடலாம் என்பது என் கருத்து. அப்படியொரு விதி இல்லாமல் வெளியிட்டால் சங்கம் அவதூறு வழக்கைச் சந்திக்க நேரிடலாம். விசாரணை நடக்கும்போதே பதவி விலகித் தப்பிப்பவர்களுக்கும் ஒரு விதி வேண்டும்: புகார் நிலுவையில் இருக்கும்வரை விலகல் கடிதம் ஏற்கப்படாது என்றோ, ஏற்கப்பட்டாலும் விசாரணை தொடரும் என்றோ எழுதிவிடுங்கள். கடைசியாக, எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தள்ளுபடியாயின, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேருங்கள். தலைவரும் செயலாளரும் அந்த ஒரு வரியைத்தான் கடுமையாக எதிர்ப்பார்கள். வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.