அந்தப் படம் யார் கண்ணுக்காக? (வாசகர் கேள்வி பதில்)

சென்ற இதழில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் அருங்காட்சியகத்தைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்துக்குப் போதும் என்று ஆகிவிட்டது. நம் மும்பைத் தமிழர் வீடுகளில் கப்பல் வேலைக்குப் போனவர்கள் நிறைய. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரையாவது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த மக்களின் ஓவியத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. இப்போதாவது பேசலாம்.

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நண்பர், அம்மாவுக்குக் கொடு என்று ஒரு அச்சுப் படம் தந்திருக்கிறார். வயலில் பெண்கள் நாற்று நடுகிறார்கள். கும்பகோணம் பக்கத்து என் பிறந்த ஊரைப் பார்த்தது போல இருக்கிறது. அமோர்சோலோ என்று பெயர் போட்டிருக்கிறது. யார் இவர்? (வாசகி, செம்பூர்)

ஃபெர்னாண்டோ அமோர்சோலோ. 1892-ல் மணிலாவில் பிறந்தவர். ஸ்பெயின் ஆட்சி முடிந்து அமெரிக்க ஆட்சி வந்த காலத்தில் வளர்ந்தவர். 1922-ல் அவர் வரைந்த 'நெல் நடவு' ஓவியம் சுவரொட்டிகளிலும் சுற்றுலாப் பிரசுரங்களிலும் அச்சாகி நாடு முழுக்கப் பரவியது. உங்கள் கையில் இருப்பது அதுவாகவோ, அதே பொருளில் அவர் திரும்பத் திரும்ப வரைந்த படங்களில் ஒன்றாகவோ இருக்கும்.

படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒரு தடவை பாருங்கள். சூரியன் அந்தப் பெண்களுக்குப் பின்னால் இருக்கும். முகம் நிழலில் கிடக்க, தொப்பி விளிம்பிலும் தோளிலும் கூந்தல் ஓரத்திலும் மட்டும் வெளிச்சம் ஒரு கோடாக ஓடும். அதுதான் அவர் கைவண்ணம். ஸ்பெயினுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர், அங்கே கற்றதைத் தன் ஊர் வெயிலுக்குப் பொருத்திக்கொண்டார். அந்த வெயில் நமக்கும் தெரிந்த வெயில் என்பதால்தான் உங்களுக்கு ஊர் ஞாபகம் வருகிறது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். நாள் முழுக்கக் குனிந்து நட்டவளின் இடுப்பு வலி அந்தப் படத்தில் இல்லை. சேறு இருக்கிறது, களைப்பு இல்லை. அந்தக் காலத்தில் அவர் படங்களை வாங்கிப் போனவர்களில் அமெரிக்க அதிகாரிகளும் பயணிகளும் அதிகம். கலவரமோ பஞ்சமோ இல்லாத, சிரித்த முகமாக இருக்கிற ஒரு நாடுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இதற்காக அமோர்சோலோவைப் பலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் குறையில் பாதிதான் சம்மதம். ஏனென்றால் 1942-ல் ஜப்பானியப் படை மணிலாவுக்குள் வந்த பிறகும் இதே மனிதர் வரைவதை நிறுத்தவில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே படை முகாம். வீட்டிலிருந்தபடியே பார்த்ததைக் கோட்டோவியமாகப் போட்டுக்கொண்டார். எரிகிற நகரம், பிணத்தின் முன்னால் அழுகிற பெண்கள் என்று படங்கள் வந்தன. 1945-ல் வரைந்த ஒரு படத்தில் ஒரு பெண்ணை மறைத்துக்கொண்டு ஒருவன் அரிவாளோடு நிற்கிறான். பின்னாலிருந்து வரும் அதே வெளிச்சம்தான், சூரியனுக்குப் பதில் இப்போது தீ. போர்க்காலத்தில் வரைந்த படங்கள் அவை. அவற்றையும் பார்த்த பிறகு அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்பேன்.

கேள்வி: நான் ஓவியக் கல்லூரி மாணவன். வெள்ளைக்காரன் வந்ததும் உள்ளூர்க் கலை அழிந்தது என்றுதான் படிக்கிறோம். பிலிப்பைன்ஸிலும் அப்படித்தானா? (வாசகர், தாராவி)

அழிந்தது உண்டு, மாறிப் பிழைத்ததும் உண்டு. ஸ்பானியர்கள் 1565-ல் வந்து குடியேறி, 1571-ல் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கலை என்றால் தேவாலயம்தான். துறவிகள் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப் படத்தைக் காட்டி, இது போலச் செய் என்பார்கள். மணிலாவில் குடியிருந்த சீனச் சிற்பிகள் தந்தத்தில் மாதாவையும் குழந்தை ஏசுவையும் செதுக்கினார்கள். கண்ணும் இமையும் மட்டும் அவர்கள் ஊர்ச் சாயலில் வந்துவிடும். செய்தவர்கள் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. பழைய கோவாவில் உள்ள கிறித்துவக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வா தம்பி. அங்கே இருக்கும் தந்தச் சிலைகளைப் பார்த்தால், கடலின் இரண்டு பக்கமும் இதே கதைதான் நடந்தது என்று புரியும்.

19-ஆம் நூற்றாண்டில் வியாபாரம் பெருகியதும், தேவாலயத்துக்கு வெளியேயும் படம் வாங்க ஆள் வந்தது. தாமியான் தொமிங்கோ என்பவர் 1821-ல் மணிலாவின் தோண்டோ பகுதியில் தன் வீட்டிலேயே ஓவியப் பள்ளி தொடங்கினார். அந்த நாட்டில் அதுதான் முதல் ஓவியப் பள்ளி. அவர் நீர்வண்ணத்தில் உள்ளூர் மக்களை உடை உடையாக, தொழில் தொழிலாக வரைந்து தொகுப்பாகக் கொடுத்தார். அப்படியொரு தொகுப்பைச் சொல்லிச் செய்யவைத்தவர் ரஃபேல் டேனியல் பாபூம் என்று ஒருவர். யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து போன துணி வியாபாரி! அன்னாசி நாரில் நெய்த மெல்லிய சட்டைக்குள் உடம்பு தெரிவதையும் பூவேலையின் ஒவ்வொரு தையலையும் அத்தனை நுணுக்கமாக வரைந்திருப்பதற்கு இது ஒரு காரணம். நம் தஞ்சாவூரிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில், ஒவ்வொரு தொழில்காரரையும் மனைவியோடு ஜோடியாக நிற்கவைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு ஆல்பம் செய்து கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நல்ல ஆராய்ச்சிப் பொருள், சொல்லிவிட்டேன்.

அதே 1821-ல் வடக்கே இலோக்கோஸ் பகுதியில் எஸ்தெபான் வில்லனுவேவா 14 ஓவியங்கள் வரைந்தார். கரும்புச் சாற்றில் காய்ச்சும் 'பாசி' என்ற மதுவை மக்கள் தாங்களாகச் செய்யக் கூடாது என்று ஸ்பானிய அரசு கட்டுப்படுத்தியதால் 1807-ல் எழுந்த கலகம்தான் கதை. அடக்கியவர்கள் பக்கம் நின்று சொன்ன கதை. வரிசை வரிசையாகப் படை, ஆற்றங்கரைச் சண்டை, கடைசியில் தண்டனை. ஆனால் மேலே வானத்தைப் பார்த்தால் ஒரு வால்நட்சத்திரம் இருக்கும். அந்த ஆண்டு உண்மையாகவே பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தெரிந்தது. அதிகாரியின் அறிக்கையில் அதற்கு வேலை இல்லை. ஊர் ஜனம் பேசிக்கொண்டதை ஓவியர் சேர்த்துக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். விகான் நகரத்து அருங்காட்சியகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன.

கேள்வி: 'ஸ்போலியாரியம்' பிலிப்பைன்ஸின் மிகப் பெரிய ஓவியம் என்கிறீர்கள். படத்தில் இருப்பதோ ரோமாபுரி. அது எப்படி அவர்கள் நாட்டுப் படம் ஆகும்? (வாசகர், மாட்டுங்கா)

ரோமானியக் களத்தில் சண்டையிட்டுச் செத்த அடிமை வீரர்களை இழுத்துவந்து, உடைமைகளைக் கழற்றும் நிலவறைக்குத்தான் அந்தப் பெயர். வரைந்த ஹுவான் லூனா ரோமில் தங்கியிருந்தவர். 1884-ல் மாட்ரிட் தேசியக் கண்காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம். அதே கண்காட்சியில் இன்னொரு பிலிப்பைன்ஸ்காரரான ஃபெலிக்ஸ் ஹிதால்கோவுக்கு வெள்ளி. நடுவர்களுக்குப் பிடித்த பாணி, அவர்களுக்குப் பழக்கமான வரலாறு. ஆளுகிறவனின் பரீட்சையை அவன் மொழியிலேயே எழுதி முதல் மதிப்பெண் வாங்கியது போல.

உயரம் நாலேகால் மீட்டர் அளவு, அகலம் ஏழரை மீட்டருக்கும் மேல். என் மைத்துனர் மணிலாவில் வேலையில் இருந்தபோது நேரில் பார்த்தேன். இடப்பக்கம் எட்டிப் பார்க்கிற கூட்டம், அவர்களுக்கு அது வேடிக்கை. நடுவில் இரண்டு பிணங்களைத் தரையோடு தேய்த்து இழுக்கிறார்கள். இழுத்த தடத்தில் ரத்தம். வலப்பக்கம் இருட்டு. அங்கே ஒரு பெண் துணி நழுவியது தெரியாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முகம் நமக்குக் கிடைக்காது. பக்கத்தில் ஒரு கிழவர் குனிந்து தன் பிள்ளையைத் தேடுகிறார். இடமிருந்து வலம் போகப்போக வெளிச்சம் குறையும், துக்கம் கூடும். நான் முதலில் நின்றது நடுவில். கிளம்பும்போது நின்றுகொண்டிருந்தது அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில்.

பதக்கம் வாங்கியதைக் கொண்டாட 1884 ஜூன் 25 அன்று மாட்ரிட்டில் ஒரு விருந்து. பின்னாளில் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகராகப் போற்றப்பட்ட ஹோசே ரிசால், அப்போது 23 வயது, அதில் எழுந்து பேசினார். அந்த இருட்டில் கிடப்பது தங்கள் மக்களின் நிலைதான் என்ற பொருள்படப் பேசினார். அதன் பிறகு யாரும் அதை வெறும் ரோமாபுரிப் படமாகப் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு தாண்டி, 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசு ரிசாலைச் சுட்டுக் கொன்றது. ஒரு ஓவியத்தைப் பற்றிய பேச்சுக்கு அத்தனை பலம் உண்டா என்று கேட்டால், எனக்குச் சந்தேகமே இல்லை, உண்டு.

கேள்வி: நம் பம்பாயில் சூசா, ரசா, ஹுசேன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு தொடங்கியது போல அங்கேயும் நடந்ததா? (வாசகி, சயான்)

நடந்தது, கொஞ்சம் முன்னாலேயே. சியாட்டிலில் படித்துத் திரும்பிய விக்டோரியோ எடாதெஸ் 1928-ல் மணிலாவில் கண்காட்சி வைத்தார். அதில் 'கட்டுகிறவர்கள்' என்று ஒரு படம். மண் நிறம், முறுக்கிய உடம்பு, கல் சுமக்கும் கூலிக்காரர்கள். அமோர்சோலோ வெயிலுக்குப் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். எடாதெஸ் விடவில்லை. அவரோடு சேர்ந்தவர்களைப் 'பதின்மூன்று நவீனர்கள்' என்பார்கள். அதில் ஒரே பெண் அனிதா மக்சாய்சாய்-ஹோ. சந்தைப் பெண்களை அவர் வரைந்த விதத்துக்கு ஒரு தனிப் பக்கமே எழுதலாம், இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

நம்முடைய குழு பிறந்த 1947-ல் பம்பாய் நின்றுகொண்டிருந்தது. மணிலா நிற்கவில்லை. 1945 பிப்ரவரி, மார்ச்சில் அமெரிக்கப் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் நகருக்குள் நடந்த போரில் ஒரு லட்சம் அளவுக்குப் பொதுமக்கள் இறந்தார்கள். பழைய கோட்டை நகரில் சான் அகுஸ்தின் தவிர மற்ற தேவாலயங்கள் எல்லாம் இடிந்தன. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த கலைப்பொருள்கள் அவற்றோடு போயின. அந்த இடிபாட்டில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்தவர்களை விசெந்தே மனன்சலா 1950-ல் வரைந்தார். படத்தின் பெயர் 'சேரியின் மாதா'. குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு தாய், பின்னால் குடிசைகள். தந்தத்தில் செதுக்கிய அதே மாதாதான். இந்தத் தடவை துறவி சொல்லிச் செய்ததல்ல, பக்கத்துத் தெருவைப் பார்த்துச் செய்தது. தாராவியிலும் அன்டாப் ஹில்லிலும் குடியிருந்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். 1951-ல் லிதியா அர்கிலியா தொடங்கிய சின்னக் காட்சிக்கூடம்தான் மனன்சலா, லெகாஸ்பி, எச்.ஆர். ஒகாம்போ போன்ற நவீன ஓவியர்களுக்குப் படம் மாட்டச் சுவர் கொடுத்தது.

கேள்வி: எதிர்ப்பு ஓவியத்தால் என்ன ஆகிவிடப்போகிறது? கோஷம் போடுவது போலத்தானே இருக்கும்? (வாசகர், தானே)

சிலது அப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் 1972-ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த பிறகு, 1976-ல் 'கைசஹான்' என்ற குழு உருவானது. தொழிலாளி, விவசாயி, சிறை என்று வரைந்தார்கள். அந்த வழியில் வந்த அந்திபாஸ் தெலொத்தாவோவின் 1978-ஆம் ஆண்டு நீர்வண்ணப் படம் ஒன்றைச் சொல்கிறேன். பின்னால் பிரம்மாண்டமான கோக்க-கோலா விளம்பரம். முன்னால் மெலிந்த கிழவர் ஒருவர் தலை குனிந்து நடந்துபோகிறார். சிவப்பு எழுத்தின் வளைந்த வால், கத்தி முனை மாதிரி அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கிறது. அவ்வளவுதான் படம். முஷ்டி இல்லை, கொடி இல்லை, கிழவர் கத்தவும் இல்லை. இதைக் கோஷம் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும் மணிலா வழியாகப் போகிறோம். கையில் ஒரு பகல்தான் இருக்கிறது. எங்கே போகலாம்? (வாசகர், முலுண்ட்)

ரிசால் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. நுழைந்ததும் பெரிய கூடத்தில் ஸ்போலியாரியம், அதற்கு எதிர்ச் சுவரில் ஹிதால்கோவின் பிரம்மாண்ட ஓவியம். அங்கேயே நேரம் போய்விடும், ஜாக்கிரதை. போர்க்கால ஓவியங்கள் இருக்கும் பகுதிக்கும், அங்கோனோ ஊர்க்காரர் போத்தோங் ஃப்ரான்சிஸ்கோ 1960-களில் மணிலா நகர மன்றத்துக்காக வரைந்த வரலாற்றுச் சுவரோவியங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். மதியத்துக்கு மேல் தெம்பு இருந்தால் சான் அகுஸ்தின் தேவாலயம், அதிக தூரமில்லை. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் போடும்போதே கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.