பைபோலார் மனச்சோர்வில் எடையும் அழற்சியும்: மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: தம்பிக்கு 31 வயது. பைபோலார் நோய்க்கு (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) லித்தியமும் ஓலான்சபினும் எடுக்கிறான். ஒன்றரை வருடத்தில் 14 கிலோ கூடிவிட்டது. மனச்சோர்வு விட்டபாடில்லை, படுத்தே கிடக்கிறான். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 5.2 என்று வந்திருக்கிறது. அழற்சி மூளையையும் பாதிக்கும் என்கிறார்களே, அழற்சியைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நீங்களாகக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி, வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைப்பதால், ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். நடுக்கம் கூடினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குழறல் தெரிந்தாலோ அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல. அதில் குடியேறும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. ஐஎல்-6 தூண்டித்தான் கல்லீரல் சிஆர்பியை உண்டாக்குகிறது. இந்தச் செய்தி ரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளையை எட்டும்போது, ஊக்கத்துக்கும் நாட்டத்துக்கும் காரணமான டோபமின் பாதை மந்தமாகிறது. எதிலும் பிடிப்பில்லாமல் படுத்துக் கிடப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். தயவுசெய்து அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். பைபோலார் மனச்சோர்வில் எடை கூடக்கூட மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்பொருள் நார்களின் சீர்மை குறைவதை இத்தாலியின் மிலான் ஆய்வாளர்கள் ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். எது எதற்குக் காரணம் என்பதை அந்த ஸ்கேன் சொல்லாது.

ஆனால் அழற்சியை நேரடியாக அடக்கிப் பார்த்த பெரிய முயற்சிகள் கைகொடுக்கவில்லை. பாகிஸ்தானில் பைபோலார் மனச்சோர்வு உள்ள 266 பேரிடம் மினோசைக்ளின் (நுண்ணுயிர்க்கொல்லி), செலிகாக்சிப் (அழற்சி, வலி மாத்திரை) இரண்டையும் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவில் போலி மருந்தைவிட (மருந்தே இல்லாத மாத்திரை) பலன் இல்லை. நம்பிக்கை தருவது வேறொரு வழி. கனடா ஆய்வாளர்கள் தலைமையில் 2022-இல் வெளியான சிறிய ஆய்வில், இன்சுலின் எதிர்ப்பு (உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ள 45 பைபோலார் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இன்சுலின் எதிர்ப்பு நீங்கியது. நீங்கியவர்களுக்கு மனச்சோர்வும் தணிந்தது.

சிஆர்பி அறிக்கையில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 5.2 மில்லிகிராம் என்றால் உடல் பருமனிலேயே காணக்கூடிய மிதமான ஏற்றம். டெசிலிட்டருக்கு என்றால் அது பத்து மடங்கு. தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். சளி, காய்ச்சல், பல்வலி இல்லாத நேரத்தில் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு (லித்தியத்தால் தைராய்டு குறைந்தாலும் சோர்வும் எடையும் கூடும்), கிரியாட்டினின், கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரத்தில் லித்தியம் அளவு ஆகியவை தேவை. இடுப்பளவை மாதம் ஒருமுறை குறியுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ.

எடை ஏற்றுவதில் ஓலான்சபின் முன்வரிசை மருந்து. அதற்குப் பதிலாக அவ்வளவாக எடை ஏற்றாத லுராசிடோனோ லாமோட்ரிஜினோ பொருந்துமா, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று மனநல மருத்துவரிடம் கேளுங்கள். ஓலான்சபினைத் திடீரென நிறுத்தினால் மேனியா (அதீத உற்சாக நிலை) திரும்பலாம். லாமோட்ரிஜினை ஆறு வாரம்போல மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும்.

உணவில் சோறு, இட்லியின் அளவைக் குறைத்துப் பயறு, முட்டை, காய் கூட்டலாம். இனிப்புப் பானங்களை நிறுத்தலாம். உப்பைத் திடீரென வெட்டுவதும் தண்ணீர் குடிக்காத விரதமும் லித்தியத்தை ஏற்றிவிடும். நடைப்பயிற்சி 15 நிமிடத்தில் தொடங்கட்டும். அதற்காக அதிகாலைத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம், தூக்கக் குறைவே மேனியாவைக் கிளப்பும். எடை குறைப்புப் பொடிகளில் தூண்டுமருந்து கலந்திருந்தாலும் அதே ஆபத்துதான். அவற்றை வாங்கவே வாங்காதீர்கள்.